நாற்பத்துமூன்று மாதம் பின்தங்கிய வீடு

1984 ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி, டால்பி ஊர் நீதிபதி மாரிட் லுண்டே ஒரு பெண்ணுக்கு விழவேண்டிய நாற்பத்துமூன்று மாதச் சிறையை விலக்கிவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது, செத்துப் பதினேழு மாதம் ஆகியிருந்த அவள் புருஷன் ஓர்வில் சமையலறையில் உட்கார்ந்து உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தான். வெளியே தெருவில் வியாழக்கிழமை. ஏரி இன்னும் உறைந்து கிடந்தது, நடைபாதை ஓரத்தில் அழுக்குப் பனி. வேலிக்குள்ளே வெள்ளிக்கிழமை, 1980 செப்டம்பர், ஆப்பிள் மரம் காய்த்துத் தொங்கியது. ரேடியோக்காரன் கோதுமை விலையும் சோயா விலையும் வாசித்துக்கொண்டிருந்தான், எல்லாம் நாலு வருஷத்துக்கு முந்தைய விலை. மாரிட் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள், எதிர் நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு கத்தியை எடுத்துத் தானும் சீவ ஆரம்பித்தாள். கிழங்கைப் பார்க்காமல் அவனையே பார்த்துச் சீவியதில் தோல் கிழங்கோடு சேர்ந்து தடித்தடியாக வந்தது. இப்படிச் சீவினால் குளிர்காலம் முழுக்கத் தோலைத்தான் தின்னவேண்டும் என்று ஓர்வில் சொன்னான்.

டால்பிக்காரர்களுக்கு இதில் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1980 மே மாதம் தண்டனைக் கட்டம் அமலுக்கு வந்ததிலிருந்தே அவர்களுக்கு விஷயம் தெரியும். கட்டம் என்பது ஒரே ஒரு தாள். குற்றத்தின் கனம் மேலிருந்து கீழே, ஆளின் பழைய குற்றக் கணக்கு இடமிருந்து வலம். இரண்டு விரலை வைத்து நகர்த்தினால் சேருகிற இடத்தில் எத்தனை மாதம் என்று போட்டிருக்கும். நீதிபதி அந்த எண்ணைக் கூட்டலாம், குறைக்கலாம், ஆனால் தகுந்த காரணத்தைக் கோர்ட்டிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பதிவு பண்ணவேண்டும், பிடிக்காத தரப்பு மேல்முறையீட்டுக்குப் போகலாம். சட்டப்புத்தகத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. குறைத்த மாதமும் கூட்டிய மாதமும் நீதிபதி தூங்குகிற வீட்டில் வந்து விழும் என்பதை அதில் எழுதவில்லை. முதலில் அனுபவித்தவர் கிழட்டு நீதிபதி ஓஸ்ட்ரெம். மாடு திருடிய ஒருத்தன் கோர்ட்டில் சிரித்துவிட்டான் என்று கோபத்தில் இருபது மாதம் கூட்டிப் போட்டார். வீட்டுக்குப் போனால் வீடு இருபது மாதம் முன்னே ஓடிப்போயிருந்தது. மனைவி அவர் வாங்கித் தராத கண்ணாடியைப் போட்டுக்கொண்டிருந்தாள், நாய் செத்துப் புதுநாய் வந்திருந்தது, அது அவரைப் பார்த்துக் குரைத்தது. மேல்கோர்ட்டு அந்த இருபது மாதத்தை ரத்து செய்ததும் வீடு பழையபடி வந்துவிட்டது, மனுஷன் மறுவாரமே ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு மீன்பிடிக்கப் போய்விட்டார். அதற்கப்புறம் கவுண்டி என்கிற அந்தச் சின்ன மாவட்டத்துக்கு மாரிட் ஒருத்திதான் நீதிபதி.

மாரிட்டுக்குக் கட்டத்தின் மேல் மரியாதை உண்டு. அதற்கு முந்தைய காலத்தை அவள் வக்கீலாக இருந்து பார்த்திருக்கிறாள். ஒரே மாதிரி பூட்டை உடைத்த இரண்டு பேரில் ஒருத்தன் ஏரிக்கு இந்தப் பக்கம் அகப்பட்டால் ஒரு மாதம், அந்தப் பக்கம் அகப்பட்டால் அஞ்சு வருஷம். அன்றைக்கு நீதிபதிக்கு வயிறு சரியில்லை என்றால் இன்னும் ரெண்டு வருஷம். அதனால் நாலு வருஷமாக அவள் கட்டத்தை விட்டு ஒரு மாதம்கூட நகர்ந்ததில்லை. நகரவைத்தது நேடின் க்ரெப்ஸின் வழக்கு. நேடினுக்கு இருபத்தாறு வயது, அஞ்சு வயதில் ஒரு மகள். போன வருஷம் பனி உருகுகிற சமயத்தில், மேப்பிள் மரச் சாறு காய்ச்சுகிற கொட்டகையில், கொதிக்கிற பாகை ஒரு வாளி மொண்டு புருஷன் டுவேனின் முகத்தில் ஊற்றிவிட்டாள். டுவேனுக்கு ஒரு கண் போய்விட்டது. ஊற்றியது நான்தான் என்று முதல் நாளே ஒத்துக்கொண்டாள், ஏன் என்று கேட்டதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவள் வக்கீலும் அதற்கு மேல் கிளறவில்லை. கட்டத்தில் விரலை வைத்தால் நாற்பத்துமூன்று மாதம்.

ஏன் என்பது ஊருக்கே தெரியும். டுவேன் அவளை அடிப்பான். கல்யாணமான வருஷத்திலிருந்து அடிக்கிறான். ஆனால் டால்பியில் இன்னொருவர் வீட்டு விஷயத்தைப் பேசுவது, அழைக்காமல் அவர்கள் படுக்கையறைக்குள் நுழைவது மாதிரி. நார்வேயிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், பக்கத்து வீடு தீப்பிடித்தால் பத்து மைல் ஓடிவருவார்கள், பக்கத்து வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். அதற்குப் பெயர் நாகரிகம். தண்டனை சொல்லவேண்டிய நாளில் பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு மாரிட் தீர்ப்பைப் படித்தாள். சிறை கிடையாது, பத்து வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு. அடுத்து காரணத்தைச் சொல்ல வாயெடுத்தபோது நேடினின் முகத்தைப் பார்த்தாள், அது இத்தனை பேர் முன்னால் வேண்டாமே என்று கெஞ்சியது. மாரிட் ஒரு நொடி தயங்கினாள். அந்த நொடியில் தீயணைப்பு நிலையத்துச் சங்கு பன்னிரண்டு மணிக்கு ஊதியது. டால்பியில் சங்கு ஊதினால் சாப்பாடு, பிறந்ததிலிருந்து அப்படித்தான். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். சுருக்கெழுத்துக்காரி வெர்னா இயந்திரத்தை மூடிவிட்டாள், மாரிட்டும் எழுந்துவிட்டாள். மத்தியானம் தலைநகரத்துக்கு அனுப்பவேண்டிய படிவத்தில் ‘காரணம்’ என்ற இடத்தில், ‘கோர்ட்டில் சொன்னபடி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கோர்ட்டில் ஒன்றும் சொல்லவில்லை என்பது அவளுக்கு அப்போது உறைக்கவே இல்லை.

அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகு ஓர்வில் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவளை உற்றுப் பார்த்தான். அவன் போர்வெல் போடுகிறவன், மண்ணின் நிறத்தைப் பார்த்தே முப்பதடி கீழே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவான். நேற்றைக்கு இருந்ததைவிட இன்றைக்குப் பெண்டாட்டிக்கு நாலு வருஷம் வயது கூடியிருப்பது அவன் கண்ணுக்குத் தப்புமா.

“ஓஸ்ட்ரெம் வீட்டு விவகாரம்தானா?” என்று கேட்டான்.

“அவர் கூட்டினாரு, நான் கொறச்சேன்.”

“அப்ப நான் இருக்கேனா, இல்லையா?”

“எண்பத்திரண்டு நவம்பர் பதினாறு, செவ்வாய்க்கிழமை. நெஞ்சுவலி. நீ வேலைல இருந்த, நான் கோர்ட்ல இருந்தேன்.”

ஓர்வில் விரல்விட்டு எண்ணினான். “இருபத்தாறு மாசம் இருக்கு. பரவால்ல. எங்கப்பாவுக்கு முன்கூட்டியே யாரும் சொல்லல.” அப்புறம் அவள் அழுதாள், அவன் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே காபி கொதிக்கிறதா என்று அடுப்பையும் பார்த்துக்கொண்டான்.

டாக்டரிடம் போகவில்லையா என்று கேட்பீர்கள். போனான். தன்னுடைய 1980இல் டாக்டரிடம் போய்க் காட்டினான், குதிரை மாதிரி இருக்கிறீர்கள் என்று அவர் சொல்லி அனுப்பினார். போன தடவையும் அதைத்தான் சொல்லியிருந்தார். தினமும் காலையில் ஓர்வில் லாரியை எடுத்துக்கொண்டு வாசல்கேட்டைத் தாண்டுவான், தாண்டியதும் தெருவில் இருக்கமாட்டான், ஆறு மணிக்குச் சேறும் சகதியுமாகத் திரும்பி வருவான். மாரிட் அவன் பின்னாலேயே கேட்டைத் தாண்டினால் அவளுக்கு 1984தான். அந்தப் பழைய வருஷத்து மாரிட் எங்கே போனாள் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சு முடிந்து அக்கம்பக்கத்தார் ருபார்ப் தண்டுப் பலகாரத்தோடு வருவார்கள், செத்துப்போனவனிடம் சௌக்கியம் விசாரிப்பார்கள், ரேடியோவில் பழைய பேஸ்பால் ஆட்டத்தை முடிவு தெரியாத மாதிரி உட்கார்ந்து கேட்பார்கள். பாதிரியார் மட்டும் முதல்முறை வந்தபோது கொஞ்சம் தடுமாறினார், அவருக்கு அடக்கம் பண்ணியது நினைவு வந்துவிட்டது. இரண்டாவது கோப்பைக் காபியில் சரியாகிவிட்டார்.

இதற்கிடையில் அரசு வக்கீல் எல்ராய் ஸ்டென்விக் மேல்முறையீடு போட்டிருந்தான். எல்ராய் கெட்டவன் இல்லை, பிடிவாதக்காரன். ஒரு ஆளுக்குக் கண் போயிருக்கிறது, குறைத்ததற்குக் காரணம் எந்தக் காகிதத்திலும் இல்லை, இதை நான் விட்டால் என்னை எதற்கு ஊர் ஓட்டுப் போட்டு உட்காரவைத்திருக்கிறது என்பது அவன் கேள்வி. நேடின் மகளோடு வான்கோழி ஆலைக்குப் பின்னால் ஒரு வீட்டில் குடியேறி, அங்கேயே வான்கோழிக்கு இறகு பிடுங்கும் வேலைக்குப் போனாள். வாசல்கதவுக்குப் பக்கத்தில் இரண்டு பெட்டி கட்டித் தயாராக இருந்தது. ஒன்று சிறைக்குப் போகிற நாளைக்குத் தனக்கு, இன்னொன்று அன்றைக்கு அக்கா வீட்டுக்குப் போகவேண்டிய மகளுக்கு. குழந்தை வளர வளர அந்தச் சின்னப் பெட்டியில் இருந்த கவுனை எடுத்துவிட்டு அடுத்த அளவு கவுனை வைத்துக்கொண்டே இருந்தாள்.

எண்பத்தைந்து பிப்ரவரியில், வேலிக்குள்ளே எண்பத்தொன்று ஜூலை, ஓர்வில் ஒருநாள் வேலைமுடிந்து வந்து கைகழுவாமல் உட்கார்ந்தான். க்ரெப்ஸ் பண்ணையில் போர் போடுகிறேன் என்றான். அந்தப் பெண் இடது கையால் காபி கொண்டுவந்து கொடுத்தாளாம், வலது கையைச் சமையல் துண்டால் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தாளாம். கொட்டகைப் பரண்மேலிருந்து விழுந்துவிட்டாள் என்று டுவேன் சொன்னானாம். அந்தக் கொட்டகைக்குப் பரணே கிடையாது. மாரிட் அவன் கழுவாத கையைப் பார்த்தாள். முதல் தடவை வாழ்ந்தபோதும் இதைப் பார்த்திருப்பாயே, அப்போது ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள்.

“நீ ஜட்ஜு. வேற யார்கிட்ட சொன்னாலும் அது பேச்சு. உன்கிட்ட சொன்னா புகாராயிடும்,” என்றான் ஓர்வில். “அப்புறம் ஊர்ல எவன் எனக்குப் போர் குடுப்பான்னும் நெனச்சிருப்பேன். இருக்கும்.”

மார்ச் மாதம் மேல்கோர்ட்டு உத்தரவு வந்தது. மூன்று பக்கம். நீதிபதி ‘கோர்ட்டில் சொன்னபடி’ என்கிறார், கோர்ட்டில் என்ன சொன்னார் என்று பதிவேட்டில் தேடினோம், சாப்பாட்டுச் சங்கைத் தவிர ஒன்றும் இல்லை. தண்டனை ரத்து. வழக்கு திரும்ப அனுப்பப்படுகிறது, காரணம் உண்டென்றால் சாட்சியத்தோடு பதிவு செய்யவும், இல்லையென்றால் கட்டப்படி நாற்பத்துமூன்று மாதம் விதிக்கவும். அன்றைக்கு ராத்திரியிலிருந்து வீடு நிலைகொள்ளாமல் தவித்தது. சுவர்க்காலண்டர் ஒரு மணிநேரம் எண்பத்தொன்றும் ஒரு மணிநேரம் எண்பத்தைந்துமாக மாறியது. ஆப்பிள் மரம் பூத்தது, மொட்டையானது. பேசிக்கொண்டிருக்கும்போதே ஓர்வில் இல்லாமல் போய்விடுவான், நாற்காலி காலியாக இருக்கும், பத்து நிமிஷம் கழித்து விட்ட வார்த்தையிலிருந்து தொடர்ந்து பேசுவான். மாரிட் அந்தப் பத்து நிமிஷங்களில் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள்.

மறுவாரம் எல்ராய் அவளுடைய அறைக்கு வந்தான், தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு. வானிலை பேசினான், ஏரியில் பனிக்கட்டி எத்தனை அங்குலம் என்று பேசினான். மாரிட் காத்திருந்தாள். டால்பியில் பெரிய விஷயம் எல்லாம் வானிலைக்கு அப்புறம்தான் வரும்.

“மேடம், இதை நான் சொல்லாம வேற யார் சொன்னாலும் அசிங்கம்,” என்றான் கடைசியில். “அந்தப் பொண்ண விட்டீங்கன்னா உங்க வீட்டுக்காரர் இருப்பாரு. உள்ள அனுப்புனீங்கன்னா அன்னைக்கே போயிருவாரு. நீங்க எவ்வளவு நல்ல காரணம் சொன்னாலும் தலைநகரத்துல இதைத்தான் நான் சொல்லவேண்டியிருக்கும்.”

“நான் ஒதுங்கிட்டா யார் வருவா?”

“பக்கத்து கவுண்டி ஜட்ஜ். அவர் கட்டத்துல வெச்ச விரலை எடுத்ததே இல்ல. உங்களுக்கே தெரியும்.”

அவன் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை, அதுதான் மாரிட்டுக்கு எரிச்சல். மூன்று நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தீர்ப்பைச் சொன்ன அன்று மத்தியானம் வீட்டில் யார் இருப்பார்கள் என்று நினைத்தாளா? சத்தியமாக இல்லை. ஓஸ்ட்ரெம் கதை ஞாபகத்தில் இருந்தது, ஆனால் ஓர்வில் ஞாபகத்தில் இல்லை. ஆனால் இப்போது? இப்போது நேடினின் பெயரை நினைத்தாலே ஓர்வில் கைகழுவுகிற சத்தம் கேட்கிறது. தன் மனசைத் தானே பிரித்துப் பார்க்க முடியவில்லை என்று அவளுக்குக் கோபமாக வந்தது. ஒதுங்கிக்கொண்டால் கை சுத்தமாக இருக்கும், நேடின் நாற்பத்துமூன்று மாதம் உள்ளே இருப்பாள், குழந்தை அதற்குள் நாலாவது வகுப்புக்குப் போய்விடும். நான்காம் நாள் காலையில் மாரிட் பெட்டியை எடுத்துத் துணி அடுக்கினாள். ஓர்வில் வாசற்படியில் சாய்ந்துகொண்டு பார்த்தான்.

“எங்க?”

“பேக்கரிக்கு மேல ரூம் எடுத்திருக்கேன். கேஸ் எல்லா எடத்துலயும் முடியற வரைக்கும் இந்தக் கேட்டுக்குள்ள வரமாட்டேன். நான் அவளை விடப்போறேன் ஓர்வில். உன்னால விட்டேன்னு ஒருத்தன் சொல்லக்கூடாது. எனக்கே தோணக்கூடாது.”

“எவ்வளவு நாளாகும்?”

“போன தடவை பதினோரு மாசம்.”

அவனுக்குக் கோபம் வந்தது. நாப்பது வருஷத்தில் அவன் கோபப்பட்டது மூன்று முறை, இது நாலாவது. எனக்கு இருக்கிறதே பதினைந்து மாதம் என்றான். ஊருக்காக அதிலும் கை வைக்கிறாயா, நீ இங்கே இருந்துகொண்டே நியாயமாக இருந்தால் ஆகாதா என்றான். மாரிட் கம்பளி மேல்சட்டையை மடித்துக்கொண்டே இருந்தாள், கண்ணீர் அதன்மேல் சொட்டியது. அப்புறம் ஓர்வில் கொல்லைக்குப் போய்விட்டான். கால்மணி நேரம் கழித்து வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டு வரைக்கும் நடந்தான், அதற்கு மேல் அவனால் வரமுடியாது.

“பேக்கரிக்காரன் ரூம்ல ஹீட்டர் சரியா வேலை செய்யாது. மொதல்லயே சொல்லிரு,” என்றான்.

மே மாதம் இருபதாம் தேதி மறுவிசாரணை. நேடினின் புது வக்கீல் ஒரு சின்னப் பெண், ஊர்ப் பழக்கம் தெரியாதவள், அது நல்லதாகப் போயிற்று. மாரிட் ஆரம்பத்திலேயே தன் வீட்டு விஷயத்தைப் பதிவேட்டில் சொன்னாள். என் வீடு நாற்பத்துமூன்று மாதம் பின்னால் இருக்கிறது, அங்கே என் கணவர் உயிரோடு இருக்கிறார், இந்த வழக்கு முடிகிறவரை நான் அங்கே காலெடுத்து வைக்கமாட்டேன், வைத்தால் அரசு வக்கீல் என்னை நீக்கச் சொல்லலாம். வெர்னா அதை எழுத்துக்கு எழுத்து அடித்துக்கொண்டாள். பிறகு மாரிட் கூடத்தைப் பார்த்தாள். நூறு பேர் இருந்தார்கள். நேடின் க்ரெப்ஸைப் பற்றித் தெரிந்தவர்கள் சாட்சிக்கூண்டுக்கு வந்து சொல்லவேண்டும், தலைநகரத்தில் இருக்கிற மூன்று நீதிபதிகள் டால்பியில் பிறக்கவில்லை, நமக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாது என்றாள். யாரும் அசையவில்லை. எல்லோரும் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். நேடின் தலையைக் குனிந்துகொண்டாள்.

முதலில் எழுந்தது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். கல்யாணத்துக்கு முன்னால் அவள் என் வண்டியில் வந்த பிள்ளை, பாகு ஊற்றியதற்கு முந்தின குளிர்காலத்தில் செருப்பில்லாமல் ரோட்டோரம் நின்றிருந்தாள், ஏற்றிக்கொண்டுபோய் வீட்டிலேயே விட்டேன், விட்டிருக்கக்கூடாது என்று சொல்லி உட்கார்ந்தான். அப்புறம் டாக்டரின் நர்ஸ். அப்புறம் தீவனக்கடைக்காரன், டுவேன் தன் கடையில் நின்று பெண்டாட்டியை எப்படி வழிக்குக் கொண்டுவந்தேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னதைச் சொன்னான், நானும் சிரித்தேன் என்பதையும் சேர்த்துச் சொன்னான். கூண்டுக்கு முன்னால் வரிசை நின்றது. பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. ஊதி முடிகிறவரை சாட்சி பேச்சை நிறுத்திக் காத்திருந்தான், அவ்வளவுதான், ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. டால்பி கோர்ட்டு சாப்பிடாமல் மத்தியானத்தைத் தாண்டியது அன்றைக்குத்தான். இரண்டரை மணிக்கு டுவேனின் சொந்த அம்மா எழுந்தாள். அவன் அப்பனும் இப்படித்தான் என்று மட்டும் சொன்னாள், சொல்லிவிட்டுக் கூண்டிலேயே நின்றுகொண்டிருந்தாள், வெர்னாதான் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். எல்ராய் ஒவ்வொருத்தரையும் குறுக்குவிசாரணை செய்தான், ஒழுங்காகச் செய்தான், டுவேனின் கண்ணைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டான். கண் போனது போனதுதான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

கடைசியாக நேடின் எழுந்தாள். “நான் சொல்றேன் மேடம்,” என்றாள். “இவ்வளவு பேர் சொன்னப்புறம் நான் எதுக்கு மறைக்கணும்.” அவள் அரைமணி நேரம் பேசினாள். அவள் பேசியதை இங்கே திருப்பிச் சொல்லப்போவதில்லை, பதிவேட்டில் இருக்கிறது. வாளியை எடுத்த காலையில் டுவேன் முதல்முறையாகக் குழந்தையின் பக்கம் திரும்பினான் என்பது அதில் கடைசி வாக்கியம்.

மாரிட் ஒன்பது காரணம் சொன்னாள். ஒவ்வொன்றையும் எந்தச் சாட்சி எத்தனை மணிக்குச் சொன்னது என்று சேர்த்தே சொன்னாள். கட்டம் நல்ல கட்டம், அதைப் போட்டவர்கள் முட்டாள்கள் இல்லை, ஆனால் வருஷக்கணக்காக அடிவாங்கினவளுக்கும் சாராயக்கடையில் சண்டைபோட்டவனுக்கும் அதில் ஒரே இடம்தான் இருக்கிறது, அதனால்தான் நகர்கிறேன் என்றாள். அப்புறம் பதிவேட்டில் இன்னொன்றும் ஏறட்டும் என்றாள். மூன்று வருஷத்துக்கு முன்பு ஜூலை மாதம் சர்ச்சு விருந்தில் இந்தப் பெண் முழுக்கைச் சட்டையோடு என் எதிரே உட்கார்ந்திருந்தாள், வெயில் தொண்ணூறு டிகிரி. ஏன் என்று எனக்குப் புரிந்தது. நான் கிரீம் ஜாடியை அவள் பக்கம் நகர்த்திவைத்தேன், அவ்வளவுதான் செய்தேன். அதைச் சொல்லி முடித்துத் தீர்ப்பைப் படித்தாள். சிறை கிடையாது, பத்து வருஷக் கண்காணிப்பு. ஒரு வழக்கின் மாதங்கள் முதலில் விழுந்த இடத்திலேயேதான் நிற்கும் போலிருக்கிறது, அன்றைக்கு மாலை லுண்டே வீட்டுக் காலண்டர் எண்பத்தொன்று அக்டோபரில் நின்று அப்புறம் ஆடவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாள். மாரிட் நன்றி சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எல்ராய் மறுபடி மேல்முறையீடு போட்டான். போடாவிட்டால்தான் ஆச்சரியம். பத்து மாதம் ஆயிற்று. ஹீட்டர் சரியாக வேலை செய்யவில்லை. மாரிட் தினமும் கோர்ட்டுக்குத் தன் வீட்டின் எதிர்ப்பக்க நடைபாதை வழியாக நடந்துபோனாள், காலை ஏழரைக்கு ஓர்வில் லாரியைக் கேட்டு வரைக்கும் கொண்டுவந்து நிறுத்துவான், கண்ணாடியை இறக்கி ஒரு கையை வெளியே வைத்திருப்பான். அசைக்கமாட்டான், சும்மா வைத்திருப்பான். அவளும் நிற்கமாட்டாள், கொஞ்சம் மெதுவாக நடப்பாள். ஊரார் அந்த நேரத்துக்கு அந்தத் தெருவில் போவதை விட்டுவிட்டார்கள், யாரும் யாரிடமும் சொல்லிவைத்துச் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அவள் அந்தப் பக்கம் நடந்துபோனாள், அன்றைக்குக் கோர்ட்டு கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும்.

எண்பத்தாறு மார்ச் ஏழாம் தேதி முடிவு வந்தது. இரண்டுக்கு ஒன்று. காரணங்கள் போதும், சாட்சியம் இருக்கிறது, நீதிபதியின் வீட்டு நிலைமை வழக்கத்துக்கு மாறானது, ஆனால் அவர் அதை மறைக்கவில்லை, அதனால் லாபமும் அடையவில்லை, தண்டனை நிற்கட்டும். மூன்றாவது நீதிபதி மாறுபட்டு எழுதியதும் நன்றாகத்தான் இருந்தது, மாரிட் அதை இரண்டு முறை படித்தாள். ஆனால் இன்னும் உச்சநீதிமன்றம் இருந்தது, எல்ராய்க்கு அங்கே போக முப்பது நாள் இருந்தது. அவள் பெட்டியை எடுக்கவில்லை. மறுநாள் காலையில் பேக்கரி மாடிப்படியில் எல்ராய் மூச்சுவாங்க ஏறிவந்தான். இந்தத் தடவை வானிலை பேசவில்லை.

“நான் மேல போகல. எழுத்துல குடுத்துட்டேன், நகல் இந்தா இருக்கு. வீட்டுக்குப் போங்க மேடம்.”

அவள் அந்தக் காகிதத்தை முழுசாகப் படித்தாள், கையெழுத்தைச் சரிபார்த்தாள், அப்புறம்தான் உட்கார்ந்தாள். அன்றைக்கு நேடின் சின்னப் பெட்டியிலிருந்த கவுனை எடுத்து மகளுக்குப் போட்டுவிட்டாள், அது அதற்குள் மறுபடி சின்னதாகியிருந்தது.

மாரிட்டுக்கும் ஓர்விலுக்கும் மூன்று மாதமும் ஒன்பது நாளும் கிடைத்தது. வெளியே பனி உருகியது, உள்ளே இலை பழுத்தது. ஆப்பிள் பறித்தார்கள், சண்டைபோட்டார்கள், அவள் இல்லாத பத்துப் பன்னிரண்டு மாதத்தின் கதையை அவன் சொன்னான், பெரும்பாலும் எந்த எந்தப் பண்ணையில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்ற கதை. ஜூன் பதினாறு வெளியே திங்கள்கிழமை, உள்ளே அந்தச் செவ்வாய்க்கிழமை. மாரிட் கோர்ட்டுக்கு லீவு போட்டிருந்தாள். இன்றைக்கு ஒருநாள் வீட்டிலேயே இரு என்று கேட்டாள், கேட்டதில் தப்பில்லை. அவன் யோசித்தான். நூற்றுநாற்பதடி இறக்கிவிட்டேன், பாதியில் விட்டால் குழாய் மாட்டிக்கொள்ளும், அந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்றான். அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். லாரி கேட்டைத் தாண்டியது. இரண்டு மணிக்குச் சமையலறை டெலிபோன் அடித்தது, அவள் முதல் மணியிலேயே எடுத்தாள். பாதிரியார் சாயங்காலம் வந்து திரும்பவும் அடக்கப் பூசை வேண்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கல்லறை ஏற்கெனவே இருக்கிறது, காபி குடித்துவிட்டுப் போங்கள் என்றாள் மாரிட்.

அடுத்த வழக்கு செப்டம்பரில் வந்தது. படுக்கையில் கிடந்த தம்பிக்காக மருந்துக்கடைப் பூட்டை உடைத்த ஒரு மரம்வெட்டி, பழைய குற்றம் நிறைய, கட்டத்தில் இருபத்தொரு மாதம். காகிதத்தைப் படித்தவர்களுக்கு அவனை உள்ளே அனுப்புவதில் பிரயோசனம் இல்லை என்று தெரியும். கணக்குத் தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். லுண்டே வீடு இன்னும் இருபத்தொரு மாதம் பின்னே போனால் ஓர்வில் சமையலறையில் உட்கார்ந்திருப்பான். மாரிட்டுக்கு எல்லோருக்கும் முன்னால் தெரியும். அன்றைக்குச் சாயங்காலம் அவள் வீட்டில் ஒவ்வொரு அறையாகப் போய் நின்றாள், அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதாள், இரண்டு நாள் அப்படி அழுதாள். மூன்றாம் நாள் வீட்டைக் கால்நடை டாக்டர் ஒருத்தனுக்கும் அவன் புதுப்பெண்டாட்டிக்கும் விற்றுவிட்டாள். நாற்பத்துமூன்று மாதம் பின்னால் இருப்பது அவர்களுக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை, தோட்டம் பிடித்திருந்தது. பத்திரம் பதிவாகி, தான் மறுபடி பேக்கரி மாடி அறைக்கே குடிபோன பிறகுதான் மரம்வெட்டியின் வழக்கைக் கூப்பிடச் சொன்னாள். அவனுக்கும் சிறை கிடையாது என்று பதினொரு காரணம் சொன்னாள், எல்லாம் பதிவேட்டில் ஏறியது, எல்ராய் எழுந்து மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொன்னான், தாராளமாகச் செய்யுங்கள் என்றாள்.

கோர்ட்டு முடிந்து பேக்கரி மாடியேறி அறையைத் திறந்தாள், அது இருபத்தொரு மாதம் பின்னே போயிருந்தது. அவளுக்கு முன்னால் அந்த அறையில் குடியிருந்து காலிபண்ணிப் போன பியானோ ரிப்பேர்காரர் பூட்ஸைக் கழற்றிவிட்டு மேஜையில் மத்திமீன் டின்னைத் திறந்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பதறி எழுந்தார், மன்னிக்கணும்மா, இது என் ரூம்னு நெனச்சேன் என்றார். உங்க ரூம்தான், மேல்கோர்ட்டு ஒண்ணும் மாத்தலேன்னா ரெண்டு பேருக்கும் இதுதான் என்றாள் மாரிட், கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, மறைப்புக்கு நடுவில் ஒரு திரை கட்ட ஆணி எங்கே அடிக்கலாம் என்று சுவரைத் தட்டிப் பார்த்தாள்.